குடிகாரன் என்ற நல்ல பெயர்

மூன்று வருடம் நான் குடிகாரனாக இருந்தேன். ஒரு சொட்டு குடித்ததில்லை.

இருபத்திரண்டு வயதில், விழுப்புரத்தில் ஒரு டாக்டர் எனக்குச் சர்க்கரை நோய் என்றார். மாத்திரைக்கு அடங்காத வகை, ஆயுசு முழுக்க ஊசிதான். அதற்கு முந்தின மாதம்தான் சென்னை லீக்கில் ஆடும் ஒரு கிளப் என்னை மாதச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. திண்டிவனத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிய எனக்குப் பந்து உதைக்கச் சம்பளம் தருகிறார்கள் என்பதை எங்கள் தெருவே நம்பவில்லை. “தாராளமா ஆடலாம். ஆனா கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லி வெச்சிடுப்பா” என்றார் டாக்டர். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நான் சேர்ந்த முதல் வாரமே, எங்கள் அணியில் ஒருவனுக்கு வீசிங் இருப்பது தெரிந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. உடம்புதான் முக்கியம் என்று அன்பாகச் சொல்லித்தான் பஸ் ஏற்றினார்கள். அவன் போன பிறகு அவன் கட்டில் எனக்குக் கிடைத்தது.

இன்சுலின் ஊசிப் பேனாவைச் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வேன். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்வேன். சர்க்கரை இறங்கினால் சாப்பிட அம்மா வெல்லம் போட்டுப் பிடித்துத் தந்த மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலை உருண்டைதான், பையில் இருக்கும். அவள் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தாள். மகன் ஓடுகிறானே, தெம்பு வேண்டுமே என்றுதான் அவள் பிடித்துக் கொடுத்தாள்.

ஒருநாள் காலைப் பயிற்சியில் எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, நாக்கு குழறியது. காலடிக்கு வந்த பந்தைக்கூட விட்டுவிட்டு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோச் வந்து முகத்தைப் பார்த்தார்.

“இன்னாடா, ராத்திரி போட்டது இன்னும் எறங்கலையா?”

“ஆமா சார்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அவராகக் கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். காது கூசத் திட்டிவிட்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னார். தண்ணீர் குடிப்பதுபோல் ஒதுங்கி இரண்டு உருண்டையை மென்று விழுங்கிவிட்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான பதினொரு பேரில் நானும் இருந்தேன். குடிகாரனுக்கு இங்கே மறுவாய்ப்பு உண்டு, நோயாளிக்குத்தான் கிடையாது என்று அன்றைக்குப் புரிந்தது. எனக்கு வெட்கமே வரவில்லை, நிம்மதியாக இருந்தது. இன்று நினைத்தால் அந்த நிம்மதியின்மேல்தான் எரிச்சல் வருகிறது.

அதன் பிறகு பொய்யை நான் வளர்க்கவே வேண்டியிருக்கவில்லை, மற்றவர்களே தீனி போட்டு வளர்த்தார்கள். கழிவறைக்குப் போனால் பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று பேச்சு. ‘குவாட்டர்’ என்று பட்டப்பெயர். “குவாட்டர் தெளிவா இருந்தா நமக்குத்தான் கப்பு” என்று மேனேஜரே சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன்.

பேச்சு திண்டிவனத்துக்கும் போனது. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “குடிக்கிறியாமே?” என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே பிசைந்தேன். உண்மையைச் சொன்னால் அவளால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. மறுநாளே கோச்சுக்குப் போன் போட்டு, புள்ளையைப் பார்த்துக்கோங்க சார் என்று அழுவாள். என் வேலை அத்தோடு போய்விடும். அதனால் அவளை அழவிட்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் எனக்காக அவள் ஒருசந்தி இருந்தாள். பட்டினியோடு மண்டிக்குப் போனாள், பட்டினியோடு கோயிலுக்கும் போனாள். எனக்குத் தெரிந்தேதான் இதெல்லாம் நடந்தது.

மூன்றாவது வருடம் விழுப்புரத்தில் ஒரு போட்டி. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அரையிறுதி அன்று காலை, இட்லி வந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னதை நம்பி ஊசியைப் போட்டுவிட்டேன். இட்லி வரவில்லை, வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. பையில் உருண்டையும் தீர்ந்திருந்தது. கீழே போய் ஒரு டீ குடிக்கலாம் என்று எழுந்தபோது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

என்னோடு அறையில் இருந்தவன் எங்கள் கோல்கீப்பர். அந்தக் கூட்டத்தில் என்மேல் உண்மையான பாசம் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

“செமி ஃபைனல் அன்னிக்குமா மச்சான்? காலைலயே ஆரம்பிச்சிட்டியே” என்றான்.

சர்க்கரை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அவன் என் தலையில் தண்ணீரை ஊற்றி, போதை தெளிய உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை வாயில் புகட்டினான். “படு. மேனேஜர்கிட்ட வயித்தால போவுதுன்னு சொல்லிக்கிறேன். யாரும் பாத்துடக்கூடாது” என்று சொல்லி, வெளியே பூட்டிக்கொண்டு போனான். பூட்டுகிற சத்தம் கேட்டது. எனக்குச் சாவு பயம் வந்தது, ஆனால் கத்த முடியவில்லை.

லாட்ஜில் அறை கூட்ட வந்த ஒரு பெண்மணி, கோலியனூர்க்காரர், மாற்றுச் சாவியால் திறந்திருக்கிறார். கட்டிலடியில் கிடந்த ஊசிப் பேனாவையும் என் வேர்வையையும் பார்த்திருக்கிறார். “தம்பி, சுகரா உனக்கு? எங்க ஊட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வரும்” என்று அவர் கேட்டது மங்கலாக நினைவிருக்கிறது. கீழே டீக்கடைக்கு ஓடிப்போய் ஒரு கை சர்க்கரை அள்ளி வந்து என் கன்னத்துக்குள் தேய்த்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் அவர்தான்.

நான் இல்லாமலேயே எங்கள் அணி ஜெயித்துவிட்டது. மத்தியானம் கோச் வந்தார், ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார். “ஏன் தம்பி சொல்லல நீங்க? ரெஸ்ட் எடுங்க. அடுத்த சீசன் பாத்துக்கலாம்” என்றார். மூன்று வருடமாக வாடா போடா என்று கூப்பிட்டவர். அந்த ‘ங்க’வைக் கேட்டதுமே என் வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. கோல்கீப்பர் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தது அவன்தான்.

அவள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். மண்டிப் புழுதிகூடச் சேலையில் அப்படியே இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எவ்ளோடா குடிச்ச?”

“குடிக்கலம்மா. எப்பவுமே குடிச்சதில்ல. சுகரு. மூணு வருஷமா ஊசி போட்டுக்கினு இருக்கேன்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தன் மகன் குடிகாரன் இல்லை என்றால் எந்தத் தாய்தான் சந்தோஷப்பட மாட்டாள்? வேலை போன துக்கத்திலும், இவளுக்காவது ஒரு நல்ல சேதி இருக்கிறதே என்றுதான் இருந்தது.

“ஊசி எத்தினி நாளைக்கு?”

“கடைசி வரைக்கும்மா.”

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குடின்னா என்னிக்காவது ஒருநாளு உட்டுடுவன்னு இருந்தேன்டா” என்றாள். “இத எப்பிடிடா உடுவ?”