அக்காவுக்கு வெந்நீர் வேண்டாம்

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் தெருவாருக்கும் என் வணக்கம். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. கோபக்காரி என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்தக் கோபத்தை ஆயுள் முழுதும் பொறுத்துக்கொண்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பர்மாவில், கியாக்தானில். தகப்பனார் அங்கே அரிசி ஆலையில் மூட்டை தைத்தார். பெற்றோர் இருவரும் ஒரே மாதத்தில் காலராவில் போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஆறு. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ரங்கூனுக்கு வந்து, லத்தா பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அறை எடுத்து, கால் மிஷினில் சட்டையும் ரவிக்கையும் தைத்து என்னை ஆளாக்கினார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "சின்னவளுக்கு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். எனக்கு முடிந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அக்காவோடேயே குடித்தனம் வைத்துக்கொண்டார். அக்காவுக்கு அந்த அப்புறம் வரவேயில்லை.

நோய் முதலில் கண்ணில் வந்தது. ஊசிக் காது இரண்டாகத் தெரிகிறது என்றார். மூன்று வாரத்தில் தானாகச் சரியாயிற்று. அடுத்த வருஷம் கால் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பாதித் தெரு நடந்து வந்தார். அதுவும் போயிற்று, மறுபடி வந்தது. டாக்டர் நரம்பு வியாதி என்று நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் சொல்லி, இதற்கு மருந்து இல்லை என்று உள்ளதைச் சொன்னார். நான் விடுவேனா? வாதம் என்று நானே முடிவு கட்டி, செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய் தேய்த்து, நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தாங்கும் சூட்டில் தலையோடு ஊற்றினேன். குளித்தபின் அக்காவால் எழுந்திருக்க முடியாது. கண் மங்கும், கால் துணிபோல மடியும். "வாதம் எறங்குது, அப்படித்தான் இருக்கும்" என்றேன். "சூடு வேணாம்டி, எனக்கு ஒத்துக்கல" என்று கெஞ்சியபோது, "சோம்பேறித்தனம்" என்று திட்டினேன். ஐயோ, அந்தச் சொல்லை நான் சொன்னேனே. என் வாய்க்கு அப்போது பூட்டு இல்லை.

கடைசியில் அக்காவைக் கப்பலேற்றி, நாகப்பட்டினத்தில் இருந்த வீட்டுக்காரரின் சொந்தக்காரர்களிடம் வைத்தியத்துக்கு அனுப்புவதென்று தீர்மானித்தோம். அக்கா கண்டிராத ஊர் அது. டிக்கெட்டும் வாங்கியாயிற்று. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்க எனக்கு யாருடி இருக்கா?" நான் அவர் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கையில் பர்மியரின் தண்ணீர்த் திருவிழா வந்தது. அடுத்த வீட்டு டோ சேன் பூ விற்கும் பர்மியப் பெண்மணி. எங்கள் பாஷையை அரைகுறையாகப் பேசுவார். வாசலில் முக்காலியில் இருந்த அக்காவிடம் வந்து, "அக்கா, ஊத்தலாமா?" என்று கேட்டுத் தோளில் ஒரு கிண்ணம் வார்த்தார். அவ்வளவுதான், தெருப் பிள்ளைகள் வாளியோடு வந்துவிட்டார்கள். அடுப்படியிலிருந்து ஓடிவந்து நான் கத்தினேன். நோயாளி, ஜன்னி வரும் என்று டோ சேன் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊத்தட்டும்டி. இன்னும் ஊத்தச் சொல்லு" என்றார்.

நெடுநேரம் நனைந்தார். பிறகு முக்காலியைப் பிடிக்காமல் எழுந்து, வாசலிலிருந்து மிஷின்வரை தனியாக நடந்தார். ஊசியை எடுத்தார். முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது. என் வீட்டுக்காரர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கப்பல் ஆபீசுக்குப் போனார்.

நோய் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், தீரவில்லை. ஆனால் சூட்டை விலக்கி, உடம்பைக் கேட்டு வாழும் வழியை அக்கா கண்டுகொண்டார். விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். பிறகு சுவர் நெடுக வீட்டுக்காரர் கட்டித்தந்த கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் நடை. வெயில் ஏறுமுன் தையல். கால் மிஷினை மாற்றிக் கை மிஷின் வாங்கினோம். உச்சிவேளையில் கழுத்தில் ஈரத்துணி, முகத்தில் டோ சேன் அரைத்த தனகாப் பட்டைச் சாந்து, கண் மூடி ஓய்வு. அடுப்புப் பக்கம் போக நான் விடவில்லை. மீனும் கீரையுமாக அளவாகச் சாப்பிட்டார். டாக்டர் கேட்டுவிட்டு, "நான் தரக்கூடிய எதையும்விட இது மேல், விடாதீர்கள்" என்றார். இப்படி ஏழு வருஷம். இடையிடையே நோய் வந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். "மிச்சம் இருக்குல்ல, அது போதும்" என்பார். என் மூத்தவளின் கல்யாண ரவிக்கை அக்கா தைத்ததுதான்.

இந்த மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் கண்டு, ஒன்பது நாள் கிடந்து அடங்கினார். பச்சைத் தண்ணீர்தான் கொன்றது என்று சிலர் பேசுவது என் காதுக்கு வந்தது. ஏழு வருஷம் உயிரோடு வைத்திருந்ததும் அதே தண்ணீர்தான் என்பது அவர்களுக்கு என் பதில்.

உள்ளதைச் சொன்ன டாக்டருக்கும், கயிறு கட்டிய என் வீட்டுக்காரருக்கும், வாளியோடு வந்த பிள்ளைகளுக்கும் நன்றி. டோ சேனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிடுங்கிய கிண்ணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பை இப்போதுதான் கேட்கிறேன்.

கடைசிக் குளிப்பாட்டுக்கு மழையில் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். என் நாத்தனார், "வெதுவெதுன்னு ஊத்துவோமே" என்று பானையை அடுப்பில் வைத்தார். "வேணாம் அண்ணி, வெந்நீர் அக்காவுக்கு ஆகாது" என்றேன். டோ சேன் பச்சைத் தண்ணீர் மொண்ட கிண்ணத்தை நீட்டினார். ஆகாமல் போக இனி என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி.