நான் திரும்ப எடுத்த தீர்ப்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்திவந்தோம். ஈரக் கோட்டும் மிக்சரும் கலந்து மணக்கும் அந்த மண்டபத்தை நினைத்தால் இன்றும் ஆசையாக இருக்கிறது.

ஒருநாள் என் மாணவி ஒருத்தி, தன் ஆங்கிலப் பள்ளியில் படித்த சங்கதி ஒன்றைச் சொன்னாள். முன்பொரு காலம் பக்கத்துப் பகுதியில், ஒரே பள்ளியில் ஆசியப் பிள்ளைகள் அதிகம் சேர்ந்துவிடக் கூடாதென்று, உள்ளூர்க் கவுன்சில் அவர்களைத் தினமும் பஸ் ஏற்றித் தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியதாம். அவளுடைய வகுப்பில் இதை வட்டமாக இருந்து கலந்து பேசினார்களாம். நாங்களும் பேசுவோமா என்று கேட்டாள்.

எனக்குப் பேச்சு என்றால் பட்டிமன்றம்தான். 'பஸ் ஏற்றியது சரியா, பிழையா?' என்று தலைப்பு வைத்தேன். நடுவர்? வேறு யார், அடியேன்தான்! அதற்கென்றே ஒரு மேசைமணியும் வாங்கினேன்.

பெற்றோர் திரண்டுவிட்டார்கள். 'சரி' அணிப் பையன் வெளுத்து வாங்கினான். கலந்து படித்தால்தான் ஆங்கிலம் வரும், சிநேகிதம் வரும் என்றான். 'பிழை' அணிக்கு அந்த மாணவி. அவளுக்குத் தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"ஆனா சேர், அந்தப் பிள்ளையளை ஒருத்தரும் கேக்கேல்லை..." என்றபோது நேரம் முடிந்தது. டங்கென்று மணியை அடித்தேன். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். நான் அடுக்குமொழியில் 'சரி' அணிக்கே தீர்ப்பு வழங்கினேன். ஒரே கைதட்டல்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு தாய், மலேசியாவிலிருந்து சிறுவயதில் வந்தவர், கேத்திலை வைத்துவிட்டு எழுந்தார்.

"சார், அந்த பஸ்ஸுல நானும் போயிருக்கேன். எங்களைத்தான் ஏத்துனாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்க ஒண்ணுகூட எங்க பக்கம் பஸ் ஏறி வரலையே, ஏன்?"

சபையில் சொன்ன தீர்ப்பை நடுவரே திரும்ப எடுப்பதா? மானம் போய்விடுமே! மாணவியைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. மனசு கேட்கவில்லை.

"தீர்ப்பைத் திரும்ப எடுக்கிறன்" என்றேன். கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னேன்.

பள்ளி விட்டதும் பஸ் புறப்பட்டுவிடும் என்பதால், ஒருநாளும் பின்னேரம் நின்று விளையாடியதில்லை என்றார் அந்தத் தாய். பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். "அன்ரி, அப்ப என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டவன் அந்த 'சரி' அணிப் பையன்தான்! ஆளுக்கொன்று சொன்னார்கள், முடிவுக்கு வரவில்லை. மணியை நான் தொடவும் இல்லை.

போகும்போது மாணவி, "சேர், நான் சொல்ல வந்ததும் இதுதான்" என்றாள். வெட்கிப் போனேன்.

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சுக் கேட்டுவிட்டேன். மணியடித்து நான் நிறுத்திய அந்தப் பாதி வசனத்துக்கு ஈடாக இன்றுவரை ஒன்றையும் கேட்கவில்லை.