பொங்கல் கிழங்கோடு வெந்த கார்த்திகைக் கிழங்கு

முதலில் தொண்டை எரிந்தது. பொங்கலன்று, மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். விடியலிலிருந்து அடுப்புப் புகையில் நின்றதால்தான் என்று நினைத்து மோர் குடித்தேன். மோர் வயிற்றில் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டேன்.

எனக்குப் பூப்பைத்தியம் உண்டு. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாக்குப் பைகளில் கார்த்திகைப் பூ (செங்காந்தள்) வளர்த்தேன். வெறும் கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். ஆவணி மழைக்கு முளைத்து, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, மார்கழிப் பனியில் கொடி காய்ந்துபோகும். அப்போது கிழங்கைத் தோண்டி எடுத்து அடுத்த மழை வரைக்கும் பத்திரப்படுத்துவேன்.

அந்தக் கிழங்கு விஷம் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், எலிக்குப் பயந்து ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்படியிலேயே வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

பொங்கலுக்கு நாங்கள் சிறுகிழங்கு, சேம்பு, வள்ளி எல்லாம் போட்டுப் புளிக்குழம்பு வைப்போம். என் வீட்டுக்காரர் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அரிவாள்மனைப் பக்கம் வருவார். நான் வாசலில் பொங்கல் பானையோடு நிற்க, அவர் கண்ணில் பட்ட கிழங்கையெல்லாம் தோல் சீவி அரிந்து வைத்துவிட்டார். தோல் போனால் எல்லாக் கிழங்கும் வெள்ளைதான். பிறகு, முந்தின நாளே கொடுத்திருக்க வேண்டிய பொங்கல்படியை (கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கும் பொங்கல் சீர்) எடுத்துக்கொண்டு நாகலாபுரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனவர், அங்கேயே சாப்பிட்டுவிட்டார். நாங்கள் இருவர் மட்டுமே உள்ள வீடு. குழம்பு லேசாகக் கசந்தது. சேம்பு முற்றல் போலிருக்கிறது என்று சாப்பிட்டு முடித்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துப் பதறித் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனார். ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டும் சத்தம் கேட்டது.

“ஏட்டி, இந்தப் பெட்டியில என்ன வச்சிருந்த?”

எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே கிழங்கின் பெயரைச் சொன்னதும் டாக்டர் அவரை வெளியே அனுப்பினார். எங்கள் ஊர்களில் இந்தக் கிழங்கைச் சாவதற்கென்றே தின்றவர்கள் உண்டு. “நீங்களாச் சாப்பிட்டீங்களாம்மா, இல்ல யாரும் தந்தாங்களா?” என்று கேட்டார்.

இரண்டாவது கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அரிந்தது அவர். சாப்பிடாமல் போனதும் அவர். ஒரு கணம்தான், ஆனால் நினைத்துவிட்டேன்.

“பொங்கலுக்கு எங்க வீட்டுக்காரர்தான் அரிஞ்சு தந்தாவ. தெரியாமத்தான்” என்றேன்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. என் அண்ணன் வந்தான். என் வீட்டுக்காரர் நீட்டிய டீயை வாங்கவில்லை. நான் செத்தால் இவரை யாரும் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. சாக அவ்வளவு பயந்தது அதனால்தான்.

மூன்றாம் நாள் வாந்தி நின்றது. பசித்தது. வீட்டுக்குப் போகிறேன் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. “இனிமேத்தாம்மா பாக்கணும். இதுக்கு முறிவு மருந்து கிடையாது” என்றார். அந்தக் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் (உடம்பில் புது அணுக்கள் உருவாவதைத் தடுக்கும் நஞ்சு) முதலில் குடலைக் கெடுத்து, அடங்கியதுபோல் இருந்து, பிறகு எலும்பு மஜ்ஜையை (இரத்தம் ஊறும் இடம்) பிடிக்குமாம். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: வாந்தி நின்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

ஐந்தாம் நாள் ஈறில் இரத்தம் கசிந்தது. தட்டணுக்கள் (இரத்தத்தை உறைய வைப்பவை) குறைந்து, வெளியிலிருந்து ஏற்றினார்கள். சும்மா படுத்திருந்தாலே கையில் நீலம் பாய்ந்தது. பன்னிரண்டாம் நாள் தலைமுடி கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அன்றிலிருந்து நான் கண் விழிக்கும் முன்பே என் வீட்டுக்காரர் அதை அள்ளி அப்புறப்படுத்திவிடுவார். நானும் தூங்குவதுபோல் படுத்திருப்பேன்.

பிழைத்துக்கொண்டேன். முடி முளைத்தது, முன்பு இல்லாத சுருட்டையோடு. சாக்குப் பைகளையெல்லாம் அவர் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். ஆனாலும் ஆவணி மழைக்குச் சுவரோரம் ஒரு முளை வந்தது. மண்வெட்டியோடு நின்றவரிடம் அதை விட்டுவிடச் சொன்னேன். இந்தக் கார்த்திகையில் ஏழு பூ. தள்ளி நின்று பார்க்கிறேன். இன்னமும் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இப்போதெல்லாம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஏழு மணி வரை என் வயிற்றைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த நாள் எனக்குக் கிடைக்கிறது.

அவர் எதையும் முதலில் தான் தின்று பார்க்காமல் எனக்குப் போடுவதில்லை. போன வாரம் அப்படித் தின்றுகொண்டே, “அன்னைக்கு என்னைய வெளிய அனுப்பிட்டு டாக்டர் உங்கிட்ட என்ன கேட்டாரு?” என்றார்.

“வயசு கேட்டாரு” என்றேன்.

அவர் இன்னொரு வாய் தின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.