சிவப்பு மையில் வந்த திருத்தம்

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. இது சத்தியமா எனக்கு நடந்தது. 1994 ஜூன் மாசம், ஒசாகாவுல, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். என் பேர் குரேபயாஷி. வீடியோ கேம்ல வர்ற ஆளுங்களை அசைய வைக்கிறதுதான் என் வேலை.

'இரும்புக்கொக்கு'ன்னு ஒரு மங்கா, அதாவது ஜப்பான் படக்கதை. முகமூடி போட்ட சூப்பர் ஹீரோ கதை. அதை வெச்சு சண்டை கேம் பண்ணிட்டிருந்தோம். கதையை வரைஞ்ச தோகாவா சென்செய் (எங்க ஊர்ல 'ஆசான்'னு அர்த்தம்) டோக்கியோவுல தனியா இருந்தார். ஒவ்வொரு குத்தையும் உதையையும் வரைஞ்சு அவருக்கு ஃபேக்ஸ் அனுப்பணும். அவர் திருத்தி, "சரி"ன்னு எழுதாம ஒரு விரல்கூட திரையில அசையக் கூடாது.

கடைசி அடி மட்டும்தான் பாக்கி. கீழே விழுந்த எதிரியோட நெஞ்சுல ஹீரோ ஓங்கி ஒரு உதை விடுவான். புதன்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. சனிக்கிழமை மங்கா பத்திரிகை எடிட்டர் உசாமிக்குப் போன் பண்ணினேன். "கொஞ்சம் பொறுங்க"ன்னு வெச்சுட்டார்.

எனக்குப் பொறுக்க நேரம் ஏது? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு கேம் தொழிற்சாலைக்குப் போகணும். இல்லைன்னா ரத்து. என்னோட முந்தின ரெண்டு கேமும் ரத்தானதுதான். இதுவும் போச்சுன்னா வேலையும் போச்சு.

அதனால டைரக்டர் ஹதானோகிட்ட ஒரு பொய் சொன்னேன். "சென்செய் சரின்னுட்டார்."

பக்கத்துல புரோகிராமர் மொரிவாகி இருந்தா. "குரேபயாஷி-சான், புளுகு மூட்டை நீங்க. நாளைக்கு மாட்டினா?"

"நீ வாயை மூடிட்டு இருந்தா மாட்ட மாட்டேன்."

மணி 5:12.

ஃபேக்ஸ் மெஷின் 'பீப்'னு கத்துச்சு. 'கிர்ர்ர்...'னு காகிதம் வந்துச்சு. என்னோட படம்தான். ஹீரோவோட கால் மேல சிவப்புல குறுக்குக் கோடு. ஓரத்துல சென்செய் கையெழுத்து.

'விழுந்தவனை உதைக்காதே. கையைக் கொடு.'

"அப்பாடா!"ன்னேன். மொரிவாகி சிரிக்கலை.

"நம்ம மெஷின்ல கறுப்பு மட்டும்தானே வரும்?"

தொட்டுப் பார்த்தேன். விரல்ல ஒட்டுச்சு... மை ஈரமா இருந்துச்சு.

5:20. ரெண்டாவது தாள். 5:23. மூணாவது. விழுந்தவன் கை நீட்டுறான்... இன்னும் நீட்டுறான்... ஒவ்வொரு தாளா வந்துச்சு.

"நிறுத்துங்க!"ன்னு மொரிவாகி கத்தினா.

போன் வயரைப் பிடுங்கினேன்.

கிர்ர்ர்...

கரன்ட் வயரையும் பிடுங்கினேன்.

கிர்ர்ர்ர்...

5:41. கடைசித் தாள். முகம் இல்லை. உடம்பு இல்லை. தாள் முழுக்க ஒரு கை. மூணு விரல் விரிஞ்சு, ரெண்டு விரல் மடங்கி...

கீழே, 'சரி.'

சத்தம் நின்னுச்சு.

பயமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அந்தத் தாள்ல இருந்தபடியே மாத்தினேன். விழுந்தவன் கை நீட்டுவான், ஹீரோ தூக்கி விடுவான். காலைல கேம் போய்ச் சேர்ந்துச்சு. என் வேலையும் தப்பிச்சுது.

மூணு வாரம் கழிச்சு உசாமி நேர்ல வந்தார். திரையில அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துப் போச்சு.

"இதை யார் வரைஞ்சது?"

"சென்செய்தான். அந்த ஞாயித்துக்கிழமை அனுப்பினாரே."

உசாமி நாற்காலியைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தார். "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை, அவர் வீட்டுக் கதவை உடைச்சு உள்ளே போனதே நான்தான். காரியம் முடியற வரைக்கும் வெளியே சொல்ல வேண்டாம்னு குடும்பத்துல கேட்டுக்கிட்டாங்க. அந்த வாரம் திங்கட்கிழமையே வேலை அறையில விழுந்திருக்கார். எழுந்திருக்க முடியலை. கை இதே மாதிரி... இதே மூணு விரல்..."

"உடனே உயிர் போயிடுச்சா?"

"இல்லை. வியாழக்கிழமை வரைக்கும் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னார். ஃபேக்ஸ் மெஷின் அவர் தலைமாட்டுலதான் இருந்துச்சு. அதுலேர்ந்து ஒரே ஒரு தாள் கீழே விழுந்து, அவர் முகத்துக்கு நேரா கிடந்துச்சு."

என்ன தாள்னு நான் கேட்கலை. புதன்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, விழுந்து கிடந்த மனுஷனுக்கு நான் அனுப்பினது ஒரு உதை.