வெறும் தண்ணீர் என்று எழுதினான்

எர்சிலியா ஓயார்சோவின் நிலம் தினம் இரண்டு முறை காணாமல் போகும். மவுயின் என்ற ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், கடல் ஏற்றம் வந்தால் ஆளுயரத் தண்ணீர். வற்றம் வந்தால் கறுப்புச் சேறும் அதன்மேல் செம்பழுப்பாகப் படுத்துக்கிடக்கும் கடற்பாசியும். இருபத்தெட்டு வருஷமாக அவள் சோறு அதில்தான்.

அதற்கு முன் அங்கே தானாக முளைத்த பாசி மண்டிக் கிடந்தது. அகர் காய்ச்சும் ஆலைகள் வாங்க ஆரம்பித்து விலை ஏறியதும் எங்கிருந்தெல்லாமோ வந்து கூடாரம் போட்டார்கள். இரும்பு வாரியால் அடியோடு பிறாண்டினார்கள். மூன்றே வருஷத்தில் துடைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். எர்சிலியா எங்கே போவாள்? தெற்கே கம்பளி கத்தரிக்கப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடித்தனம் போட்டுவிட்டான். இவளுக்கு வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மிச்சம் கிடந்த பாசியைப் பிடிபிடியாகப் பொறுக்கி, நுனி பிளந்த கவைக்கோலால் நடுவில் மடித்துச் சேற்றுக்குள் குத்தி நட்டாள்.

"என்னடி, ஆத்துல உருளைக்கிழங்கா போடுற?" என்று கரையில் நின்று சிரித்தார்கள். அடுத்த வருஷம் சிரித்தவர்களும் கவைக்கோலோடு இறங்கினார்கள்.

அறுவடையில் அவளுக்கு ஒரே சட்டம். மேலே நிற்பதைக் கையால் கிள்ளலாம். மண்ணுக்குள் இருப்பதைத் தொடக்கூடாது, அதுதான் வித்து. அவசரத்தில் அடியோடு பிடுங்கிய சொந்தத் தங்கையையே ஒருமுறை கரைக்கு விரட்டினாள். ஆறு மாதம் இருவருக்கும் பேச்சில்லை.

இப்படிப்பட்டவள் நிலத்துக்குத்தான் வினை வந்தது. கழிமுகத்தில் நட்டிருப்பவர்களுக்குப் பட்டா, காலியாகக் கிடக்கும் இடம் கேட்பவர்களுக்கு என்று அரசு சொன்னது. உடனே நகரத்து வியாபாரி ஒருவன் எர்சிலியாவின் இடத்தையும் சேர்த்துக் காலி என்று மனுப் போட்டான். வாழ்நாளில் சேற்றில் கால் வைக்காதவன்! பார்த்துவிட்டு வரச்சொல்லி லாரேனாஸ் என்ற இளம் அதிகாரியை அனுப்பினார்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் வாருங்கள் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் வந்தது காலை பத்தரைக்கு, கையில் ஒரு ஏற்றவற்ற அட்டவணையோடு.

"வத்தம் பத்தரைக்குன்னு போட்டிருக்கே. எங்கம்மா உங்க பாசி?"

"அது கடலோரத் துறைமுகத்துக்கு அடிச்சது சார். இது ஆறு. இங்க தண்ணி வடிய இன்னும் ரெண்டரை மணி நேரம் பிடிக்கும். உக்காருங்க, சூடா மாத்தே டீ குடிங்க."

"நேரமில்லம்மா. பன்னெண்டரைக்கு அடுத்த ஊர்ல இருக்கணும்."

"ரெண்டரை மணி நேரம் சார். நான் இருபத்தெட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

அவன் ஆற்றைப் பார்த்தான், பேனாவை எடுத்தான், 'வெறும் தண்ணீர். சாகுபடி இல்லை' என்று எழுதினான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? இந்தப் பூனைக்கு முத்திரை இருந்தது, அதனால் இருண்டுவிடும்.

எர்சிலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பக்கத்து நிலத்துக்காரன் நோல்பெர்த்தோ படகைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டாதடா. சாரை ஏத்து."

"அக்கா, தண்ணி நெஞ்சு வரைக்கும் நிக்குது."

"எனக்குத் தெரியாதா? ஏத்துடா!"

படகில் உட்கார்ந்த பிறகுதான் லாரேனாஸுக்குத் தான் ஏறிவிட்டோம் என்பதே உறைத்தது. எல்லைக் கம்பு தலைநீட்டிய இடத்தில் எர்சிலியா குதித்தாள். குளிர் தூக்கிப்போட்டது. காலால் துழாவி இடம் கண்டுபிடித்தாள், மூச்சை அடக்கி முங்கினாள். தோள் வரைக்கும் கையைச் சேற்றுக்குள் விட்டு, தொடக்கூடாது என்று தங்கையை விரட்டினாளே, அதையே பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இந்தாங்க!" என்று அவன் காகிதத்தின் மேலேயே போட்டாள். சேறு தெறித்தது.

"இது அலையில ஒதுங்கினதா இருக்கலாமே..."

"ஒதுங்கினதா? இங்க பாருங்க. மேல செவப்பு, கீழ வெளுத்து, கறுப்புச் சேறு. மோந்து பாருங்க, அழுகின முட்டை நாத்தம் வரும். நடுவுல மடிஞ்சிருக்கு பாத்தீங்களா? கவைக்கோல் குத்தின மடிப்பு அது. அலைக்குப் பாசி மடிக்கத் தெரியுமா சார்?"

"சார், எங்கக்கா சும்மா விடாது. எழுதிருங்க," என்றான் நோல்பெர்த்தோ துடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு. "இல்லேன்னா ஒவ்வொண்ணா பிடுங்கிக் காட்டும். நீங்களும் சாயங்காலம் வரைக்கும் படகுலதான்."

லாரேனாஸ் மடிப்பை விரலால் நீவிப் பார்த்தான். முகம் சிவந்தது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு, 'நடவு உள்ளது, சாகுபடி செய்பவர் எர்சிலியா ஓயார்சோ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நோல்பெர்த்தோ எட்டிப் படித்து, சரி என்று தலையாட்டினான். அதன்பின் லாரேனாஸ் அந்தப் பாசியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டான்.

"அதை எதுக்கு எடுக்கிறீங்க?"

"சாட்சிம்மா. ஆபீஸ்ல காட்டணும்."

"எழுதிட்டீங்கல்ல?"

"எழுதிட்டேன்."

"அப்ப குடுங்க. உங்க மேஜையில நாளைக்குச் செத்துரும்."

அவன் தயங்கினான். நெஞ்சளவுத் தண்ணீரில், உதடு நீலம் பாரித்து, நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை. கொடுத்துவிட்டான்.

ஒரு மணிக்கு நிலம் வெளியே வந்தது. எர்சிலியா ஈரத்துணியைக்கூட மாற்றாமல் இறங்கி, தான் பிடுங்கிய குழியைத் தேடிக் கண்டுபிடித்தாள். பாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கவைக்கோலால் உள்ளே குத்தினாள். அந்த வியாபாரியையும் அந்த அட்டவணை அடித்தவனையும் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.