பத்தியம் முறிக்க ஆள் இல்லை

என் வீட்டுக்காரர் பெயர் வெள்ளைத்துரை. வாயால் சொல்ல மாட்டேன். எழுதினால் பாவமில்லை என்று எழுதுகிறேன். தியாகராய நகரில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறார். சாயங்காலம் டியூஷன் முடிந்து வரும் இரண்டு பெண் குழந்தைகளை வீட்டில் கொண்டு விடுவதும் அவர்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சைதாப்பேட்டை ராஜரத்தினம் வைத்தியர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். "எண்ணெய், நெய், பால், முட்டை, மீன் எதுவும் ஆவாது. நானே கூப்ட்டு பத்தியம் முறிச்சி வுடறேன்" என்றார். காமாலை இறங்கியது. ஆனால் கூப்பிடுவதற்கு முன்பே வைத்தியர் காலமாகிவிட்டார்.

பத்தியம் போட்டவர்தான் முறிக்க வேண்டும், மீறினால் நோய் இரண்டு மடங்காய்த் திரும்பும் என்பது எங்களுக்குள் இருக்கும் பயம். அந்தப் பயத்திலேயே ஒன்றரை வருஷம் ஒரு சொட்டு எண்ணெய் காட்டாமல் சமைத்தேன். தினமும் முருங்கைக் கீரையை வேகவைத்து, உப்புப் போட்டுக் கொடுப்பேன். அவரும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்.

ஐப்பசி மழை நாளில் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காபித் தண்ணியை நீட்டினேன். அவர் கை டம்ளரை விட்டு விட்டு என் முழங்கையைப் பிடித்தது.

"இன்னா மாமா, வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்ல புஷ்பம். பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியல. மாசம் ஒண்ணாவுது."

"அந்தக் கொளந்தைங்கள எப்டி இட்டாந்துக்கினு இருந்தே?"

"பழகின ரோடு. மணி அடிச்சிக்கினே வந்துடுவேன்."

மறுநாள் சாயங்காலம் அவர் குழந்தைகளை ஏற்றி வரும்போது நானே ரிக்ஷாவுக்கு முன்னால் நடந்தேன். பாண்டி பஜார் தாண்டித் திரும்பியதும், தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. சின்னவள் என் மேல் வந்து விழுந்தாள். அடி இல்லை. அம்மன்தான் காப்பாற்றினாள். அன்றைக்கே அந்த வீட்டம்மாவிடம் உண்மையைச் சொல்லி, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு என்று கேட்டார். சொன்னேன்.

"மாலைக்கண். கண்ணுக்கு வேண்டிய சத்து கீரையில நிறைய இருக்கு. ஆனா அது எண்ணெயில கரையற சத்து. ஈரல்லேர்ந்து பித்தநீர் வந்து எண்ணெயைப் பொடிப்பொடியா உடைக்கும். அதோட சேர்ந்தாத்தான் குடல் அந்தச் சத்தை உள்ள இழுத்துக்கும். காமாலையில பித்தநீரும் சரியா வந்திருக்காது, அப்புறம் எண்ணெயையும் நிறுத்திட்டே. அப்ப எங்கேருந்தும்மா ஏறும்?"

"தெனம் ஒரு கட்டு கீரை டாக்டரம்மா!"

"ஒரு வண்டி கீரை போடு. தட்டுலேர்ந்து நேரா கக்கூஸுக்குத்தான் போகும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரல் இப்போது நன்றாக இருக்கிறது, எண்ணெய் சேர்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரைகள் எழுதிக் கொடுத்து, சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றப் போனேன். காமாலை திரும்பினால்? ஊற்றாவிட்டால் கண்? "தப்புன்னா எனக்குக் குடு தாயே, அவருக்குக் குடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன்.

"வாசனை வருதே! வைத்தியரு மேலேர்ந்து பாத்துக்கினு கீறாரு, பாரு" என்றார்.

"சும்மா இரு மாமா, அவரு பேச்ச எடுக்காதே."

அப்புறம் தினமும் விடிந்ததும் அவர் கண் இமையை இழுத்து, மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பேன். "ஆள வுடு, கண்ணு கழண்டுடப் போவுது" என்பார். மஞ்சள் வரவில்லை. ஆனாலும் என் பயம் போகவில்லை.

மூன்றாவது வாரம், "கண்ணு நல்லாத் தெரியுது. மறுபடி கொளந்தைங்கள ஏத்தட்டா?" என்று கேட்டார்.

"மொதல்ல என்னை ஏத்து."

பொழுது சாய்ந்ததும் ஏறி உட்கார்ந்தேன். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். தெரு விளக்கு எரியாத சந்தில் சட்டென்று பிரேக் பிடித்தார். அலறிவிட்டேன்.

"இன்னாமே கத்தறே? எதிர்ல எருமை படுத்துக்கினு கீது, தெரியல?"

எனக்குத் தெரியவில்லை. கொம்பு அசைந்த பிறகுதான் தெரிந்தது. அவர் வண்டியை ஒதுக்கி ஓட்டினார். வீடு வந்து சேரும் வரை நான் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.