காய் வெட்டும் பலகை

கதவுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அவரைப் பாதியில் அனுப்பிய வாத்தியாருக்கே பிற்பாடு வாசல் கதவு செய்து மாட்டியவர் அவர்தான். இருபது வருஷமாக அந்தக் கதவு உப்பியதில்லை, முனகியதில்லை. இதை அவர் சொல்லாத நாளும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். புதிதாகத் திறக்கப்போகிற வாசகசாலையின் வெறும் சுவரைப் பார்த்து, மரத்தில் தானே செதுக்கி ஒரு படம் அச்சடித்துத் தருவதாக நூலகப் பெண்மணியிடம் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு மரக்கடையிலும் சொன்னார். மரக்கடையில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

வேலை ஒன்றும் அவருக்கு மலைப்பாகத் தெரியவில்லை. பலகையில் கரியால் வரைய வேண்டும். வெள்ளையாக விழவேண்டிய இடத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்த மேடு மை பிடிக்கும். பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் மையை ஒற்றி, மேலே தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் தீர்ந்தது. மழையில் ஒரு தெரு என்று முடிவுசெய்து ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கினார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலையில் தாளை உரித்துப் பார்த்தார். வீடுகள் அழகாக வந்திருந்தன. மழைதான் வரவில்லை. கதவு செய்கிற கை ஆயிற்றே, ஸ்கேல் வைத்து, கால் அங்குலம் பிசகாமல் மழையை இழுத்திருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "மழையாங்க இது? ஜன்னல் கம்பி மாதிரியில்ல இருக்கு."

மறுபடி செதுக்க, நன்றாகக் காய்ந்த அகலப் பலகை வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் அவரே இழைத்துக் கொடுத்த காய் வெட்டும் பலகை. அதன் அடிப்பக்கம் இன்னும் வழவழவென்றே இருந்தது. கேட்டார். முப்பத்தொரு வருஷம் கைக்குள் கிடந்த பொருளைச் சும்மா விடுவாளா?

"அப்ப நாளைக்கு நான் உங்க முதுகுலயா காய் வெட்டுறது?"

"புதுசு செஞ்சு தர்றேன். நாளைக்கு என் மானம் போகுது."

மானம் என்றதும் கழுவித் துடைத்து நீட்டினாள். வாங்கிய அவசரத்தில், மை பரப்பியிருந்த கண்ணாடியின் மேலேயே வைத்துவிட்டார், வெட்டுப்பக்கம் கீழாக. எடுத்தால் ஓரமெல்லாம் கறுப்பு. அவள் ஆரம்பிப்பதற்குள் மையை உறிஞ்சிவிடலாம் என்று ஒரு பழைய தாளைப் போட்டுக் கரண்டியால் பரபரவென்று தேய்த்தார். மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

நடுவில் பலகை குழிந்திருந்ததால் அங்கே மை ஏறவில்லை. பொட்டலத்தால் குழிக்குள்ளும் ஒற்றினார். நல்ல தாளாக எடுத்து விரித்தார். எந்த இயந்திரமும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது, கரண்டி இறங்கியது. கால் மணி நேரம் தேய்த்தபின் உரித்தார்.

கறுப்பின் மேல் கணக்கற்ற வெள்ளைக் கோடுகள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆனால் ஒரே காற்றில் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஓரத்தில், பூசணி பிளந்த இடமெல்லாம் பெருமழை. நடுவில், கீரை நறுக்கிய இடத்தில் தூறல். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குள் மழை பெய்திருக்கிறது. அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"மை போயிடுச்சாங்க?"

"இங்க வா. இது நீ செஞ்சது."

"நான் வெங்காயம்தாங்க வெட்டினேன்" என்றபடி வந்தவள், பார்த்துக்கொண்டே நின்றாள். அச்சில் இடம் வலமாகத்தான் விழும். இருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வலது கை கத்தி பிடிப்பதுபோலத் தானாக மடங்கியது.

படத்தின் கீழே பென்சிலால், எழுத்தெழுத்தாகக் கூட்டி, கதவுக்காரர் எழுதினார்: 'கோடு போட்டது என் வீட்டுக்காரி, முப்பத்தொரு வருஷம். தேய்த்தது நான், கால் மணி நேரம்.'

மறுநாள் வாசகசாலையில் மரக்கடைக்காரர் எழுத்தைக் கவனிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "உங்க உளிக்குக் கேக்கணுமா" என்றார்.

கதவுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் உளிக்கு இது வராதுப்பா."

அந்த வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வந்ததை மரக்கடையில் இன்னும் யாரும் நம்பவில்லை.